சதுர அடைப்பு, உள்ளே வரவும்

என் மாமியாரின் கண்புரை அறுவைக்குப் பிந்தைய பரிசோதனையும், அதே கண் மருத்துவமனையில் நோயாளிகளைக் கூப்பிட நான் கணினி ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்த அழைப்புத் திரையின் தொடக்கமும் ஒரே நாளில் விழுந்தன. விழுந்தன என்று சொல்வது பொய். நான்தான் விழவைத்தேன். பரிசோதனைக்கு அவர்கள் வேறு தேதி கொடுத்திருந்தார்கள். வரவேற்பு மேசைப் பெண்ணிடம் கெஞ்சி, கூத்தாடி, மாற்றி வாங்கினேன்.

காரணம் எளிது. கல்யாணமான நாளிலிருந்து நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது என் மாமியாருக்கு விளங்கியதே இல்லை. யாராவது கேட்டால், "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டுறாரு" என்பார். அவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பார்த்த வேலை மைதானத்தின் மறுகோடி வரை கேட்கும். என் வேலை பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது. ஒரே ஒரு முறை, பெரிய சுவரில், பெரிய எழுத்தில், கூட்டத்துக்கு நடுவே என் வேலை ஓடுவதை அவர் பார்த்துவிட வேண்டும். அதுவும் புதிதாகத் தெளிந்த கண்ணால் பார்க்க வேண்டும். இதுதான் என் திட்டம். "அம்மாவை நானே கூட்டிட்டுப் போறேனே" என்ற மனைவியையும் வேலைக்குத் துரத்திவிட்டேன்.

போகும் வழியெல்லாம் காரில் பீற்றிக்கொண்டே போனேன்.

"அத்தை, இன்னைக்கு உங்க பேரு திரையில வரும். நான் எழுதின ஸ்கிரிப்ட்தான் உங்களைக் கூப்பிடப் போகுது."

"ஏன், அந்தப் பொண்ணு வாயால கூப்பிட மாட்டாளா?"

"கூப்பிடுவாங்க அத்தை. ஆனா இது நவீனம்."

"அவளுக்குத் தொண்டை கட்டிடுச்சோ என்னமோ, பாவம்" என்றார் மாமியார்.

அந்தத் திரை வேலை செய்யும் விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வரவேற்புப் பெண் நோயாளிகளின் பெயர்களைத் தன் கணினியில் வரிசையாகத் தட்டுவாள். அந்த வரிசை எங்கள் அலுவலக சர்வருக்குப் போய், அங்கிருந்து சுவரில் மாட்டிய திரைக்கு வரும். முதல் பெயர் பெரிதாகத் தெரியும். கீழே "உள்ளே வரவும்" என்று இருக்கும். ஒரு மணி அடிக்கும். கூப்பிட்டவர் வராவிட்டால் கொஞ்ச நேரத்தில் அடுத்த பெயர்.

கணினிகள் பட்டியலைப் பட்டியலாகவே ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்வதில்லை. பெயர்களை எல்லாம் மேற்கோள் குறிக்குள் போட்டு, இடையில் கமா வைத்து, முன்னும் பின்னும் [ ] என்று சதுர அடைப்பு போட்டு, ஒரே நீள வரியாக மடித்து அனுப்பும். இப்படி மடிப்பதற்கு ஜேசன் என்று பெயர். வாங்குகிற பக்கம் அந்த வரியைப் பிரித்து, மறுபடி பட்டியலாக அடுக்கிக்கொள்ள வேண்டும். பிரிக்காமல் விட்டால், கணினியின் பார்வையில் அது பெயர்களின் பட்டியல் அல்ல, வெறும் எழுத்துகளின் கோவை. எங்கள் தொழிலில் இது முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துவதே நான்தான் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

காத்திருப்புக் கூடம் நிறைந்திருந்தது. ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டியவர்கள், கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள், சொட்டு மருந்து விட்டுத் தலையை அண்ணாந்து சாய்த்திருந்தவர்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதல் வரிசையில் இடம் பிடித்து மாமியாரை உட்காரவைத்தேன். மேசைக்குப் பின்னால், வரவேற்புப் பெண்ணின் தலைக்கு மேலே, என் திரை. பெயர்களைத் தட்டி முடித்து அவள் பொத்தானை அழுத்தினாள். மணி அடித்தது. நான் மாமியாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தார். பிறகு நானும் பார்த்தேன்.

திரையில் ஆளுயரத்துக்கு ஒரு சதுர அடைப்பு நின்றது. கீழே, "உள்ளே வரவும்."

கூடத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி மணி. இப்போது ஒரு மேற்கோள் குறி. உள்ளே வரவும். அடுத்து 'ச'. அடுத்து, தன் எழுத்தைத் தொலைத்துவிட்டு ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியாக நின்ற ஒரு கொம்பு.

முதலில் கண்ணைக் கசக்கினேன். உண்மையாகவே கசக்கினேன். என் கண்ணில் கோளாறு இருக்குமோ என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. என் ஸ்கிரிப்ட்டில் கோளாறு இருக்குமோ என்ற எண்ணத்துக்கு வரிசையில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதைவிட ஆச்சரியம், கூடத்தில் ஒருவர்கூடத் திரை கெட்டுப்போயிருப்பதாகச் சொல்லவில்லை. கண் மருத்துவமனைக்கு வந்தவர்கள் அல்லவா? எல்லோரும் தங்கள் கண்ணைத்தான் சந்தேகித்தார்கள். ஓர் அம்மா எழுந்து போய் மேசையில் முறையிட்டார்.

"எழுத்தெல்லாம் பிச்சுப் பிச்சுத் தெரியுதும்மா."

"அதுக்குத்தானே வந்திருக்கீங்க, உட்காருங்க" என்றாள் வரவேற்புப் பெண், திரும்பியே பார்க்காமல்.

பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவருக்கு மட்டும் விஷயம் சட்டென்று பிடிபட்டுவிட்டது. எழுந்து நின்று, இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கணீரென்று படிக்க ஆரம்பித்தார்.

"ச... அப்புறம் ஒரு வட்டம், பக்கத்துல ஒரு கொம்பு... ந... வட்டத்துக்கு மேல ஒரு புள்ளி... த..."

"ஓ, டெஸ்ட் இங்கேயே வச்சுட்டாங்களா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். அவ்வளவுதான். கூடம் முழுக்க ஒரு கண்ணை மூடியது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு குரல் கூடியது. யாரோ 'ல'வை 'வ' என்று சொல்ல, இன்னொருவர் திருத்தினார். திருத்தப்பட்டவருக்கு முகம் சுண்டிப்போனது.

என் மாமியாருக்கு ஒழுங்கில்லாத கூட்டத்தைப் பார்த்தால் கை பரபரக்கும். எழுந்தே விட்டார்.

"எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினா யாருக்கு மார்க் போடுறது? வரிசையா நில்லுங்க. ஒருத்தர் படிச்சதும் அடுத்தவர். ஐயா, நீங்க விரலுக்கு நடுவால பார்க்கிறீங்க, கையை நல்லா மூடுங்க!"

மக்கள் கட்டுப்பட்டார்கள். ஓய்வு பெற்றதற்குப் பிறகு அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை.

நான் மடிக்கணினியைத் திறந்துகொண்டு தூண் ஓரமாக ஒதுங்கினேன். சர்வர் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் சக ஊழியப் பெண்ணுக்கு ஃபோன் போட்டேன். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் செமிகோலன், அதாவது அரைப்புள்ளி. எதைச் சொன்னாலும் பாதியில் நிறுத்தி, மூச்சு விட்டு, மீதியைச் சொல்வாள். அந்த இடைவெளியில் எதிராளி தானாகவே தவறை ஒப்புக்கொண்டுவிடுவான் என்பது அலுவலக அனுபவம்.

"உன் சர்வர்ல என்ன பண்ணி வச்சிருக்கே? இங்கே என் மானம் போகுது" என்று எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தேன்.

"சர்வர் நல்லாத்தான் இருக்கு அண்ணா." மூச்சு. "திரையில என்ன தெரியுது?"

"எழுத்து எழுத்தா வருது."

"அப்போ அது பட்டியல் இல்லை, இன்னும் எழுத்துக் கோவையாவே இருக்கு. நீங்க பிரிச்சீங்களா?"

பிரித்தீர்களா என்று என்னைக் கேட்கிறாள். பாடம் நடத்துகிற என்னை!

"ஒரு தடவை சுத்தமாப் பிரிச்சிருக்கேன். ஜேசன் சரியாத்தான் வருது. பிரிக்கிறதுலதான் ஏதோ பிரச்சினை."

"யாரு மாப்பிள்ளை அந்த ஜேசன்?" மாமியாரின் குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. "எதுக்கு யாரையும் பிரிக்கிறீங்க? சேர்ந்து இருக்கட்டுமே."

"ஆள் இல்லை அத்தை, அது வந்து..."

"அண்ணா," என்றாள் செமிகோலன், "வந்த வரியோட முதல் எழுத்து என்னன்னு மட்டும் பாருங்க." மூச்சு. "சதுர அடைப்பா, மேற்கோள் குறியா?"

நல்ல கேள்விதான். சதுர அடைப்பில் தொடங்கினால் ஒரு முறை மடித்தது, ஒரு முறை பிரித்தால் போதும். அதற்கும் முன்னால் ஒரு மேற்கோள் குறி இருந்தால், மடித்ததையே யாரோ இன்னொரு முறை மடித்திருக்கிறார்கள். ஒரு முறை பிரித்தால் உள்ளே மறுபடி ஒரு வரிதான் இருக்கும். நான் மடிக்கணினியில் வந்து விழுந்திருந்த வரியைப் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் பொடி எழுத்தில் வேலை பார்ப்பது ஒரு கெத்து. எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தால்தான் அனுபவசாலி. என்னுடையது எறும்புக் குஞ்சு. மடிக்கணினியைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தேன். கிட்டே கொண்டுவந்து பார்த்தேன். தெளிவாகத் தெரிந்தது.

"சதுர அடைப்பு" என்றேன்.

"நிச்சயமா?"

"என் கண்ணை நம்பலையா?"

இந்த முறை மூச்சு நீண்டது. "சரி அண்ணா. நான் இங்கே பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

அப்போது உள் அறைக் கதவு திறந்தது. கண் பரிசோதகர் தலையை நீட்டினார். யார் பெயரும் திரையில் வராததால் அவருடைய நாற்காலி காலியாகவே இருந்திருக்கிறது.

"என்னங்க, கூட்டம் இவ்வளவு இருக்கு, ஒருத்தரும் உள்ளே வரலையே?"

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். மாமியார் முந்திக்கொண்டார்.

"இவரை முதல்ல பாருங்க தம்பி. இவ்வளவு நேரமா பார்த்துக்கிட்டே இருக்கேன், அந்தப் பெட்டியைத் தள்ளித் தள்ளி வச்சுப் பார்க்கிறாரு. வீட்டுல ஃபோனையும் கையை முழுசா நீட்டிப் பிடிச்சுத்தான் படிப்பாரு. நானே பேரு கொடுத்துட்டேன்."

"அத்தை, எனக்கு இப்போ வேலை..."

"ஓடுங்க!" என்றார். அது வேண்டுகோள் அல்ல. எத்தனையோ பிள்ளைகள் அந்த ஒற்றைச் சொல்லுக்கு மைதானத்தைச் சுற்றி ஓடியிருக்கிறார்கள். என் கால்கள் என்னைக் கேட்காமலே உள்ளே போய்விட்டன.

அறை இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. பரிசோதகர் ஓர் இரும்புச் சட்டத்தை என் மூக்கில் ஏற்றினார். கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிச் செருகுவதற்குப் பள்ளம் வைத்த அந்தக் கனத்த சட்டம். எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் மளமளவென்று படித்தேன்.

"பார்த்தீங்களா? எனக்கு ஒண்ணுமில்லை."

"தூரம் அருமையா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார். "இதைப் படிங்க."

மேலே இருந்த பத்தியைப் படித்தேன். அடுத்ததையும் படித்தேன். அதற்கடுத்த பத்தியில் என் கை தானாக நீண்டது. பரிசோதகர் அதைப் பிடித்து மடக்கினார்.

"கையை நீட்டக் கூடாது."

"வெளிச்சம் கம்மியா இருக்கு சார்."

"எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க" என்று விளக்கைக் கூட்டினார். அட்டை பளிச்சென்று ஆனது. எழுத்து அப்போதும் குழைந்த கஞ்சியாகத்தான் இருந்தது. கடைசிப் பத்தியை ஊகத்தில் படித்தேன். ஏதோ தோட்டத்தைப் பற்றிய பத்தி என்று நினைத்து ரோஜா, மல்லிகை என்று அடித்துவிட்டேன். அது ஒரு கப்பலைப் பற்றியது.

அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. சட்டத்தில் இரண்டு சில்லுகளைச் செருகினார். "இப்போ?"

இப்போது அட்டையில் கமாவுக்கு வால் இருந்தது. முற்றுப்புள்ளி உருண்டையாக இருந்தது. ஒவ்வொரு மேற்கோள் குறியும் கொசுவின் கால் மாதிரி தனித்தனியாக நின்றது. நான் எத்தனை நாளாக எதையெல்லாம் ஊகத்தில் படித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது; செமிகோலன் கேட்ட மேற்கோள் குறியும் நினைவுக்கு வந்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்று எழுந்தேன்.

"சட்டத்தைக் கழட்டிட்டுப் போங்க!"

கழற்றவில்லை. மூக்கில் இரும்போடு கூடத்துக்கு ஓடி, தூணடியில் மடிக்கணினியைத் திறந்தேன். அதே வரி. சதுர அடைப்பு இருந்தது. ஆனால் அதற்கு முன்னால், துளியூண்டாக, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு மேற்கோள் குறி. உள்ளே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சாய்கோடுகள் வேறு. இரட்டை மடிப்புக்கு இதைவிட அடையாளம் வேண்டியதில்லை.

யார் மடித்தது? சர்வர் தன் பங்குக்கு எதை அனுப்பினாலும் ஒரு முறை மடித்துத்தான் அனுப்பும். அது அதன் வேலை. வரவேற்பு மேசைப் பக்கத்துக்கான ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். பெயர்களைச் சர்வருக்கு அனுப்பும் முன் அங்கே ஒருவர் ஏற்கெனவே மடித்து, வெறும் எழுத்து வரியாகச் சேமிக்கச் சொல்லியிருந்தார். பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: 'பாதுகாப்புக்காக.' அந்த மேதை நான்தான். என் மேசையில் சோதித்துப் பார்த்தபோதெல்லாம், சர்வரையே தொடாமல், நானே தட்டி, ஒரே முறை மடித்த பட்டியலை வைத்துச் சோதித்திருந்தேன். அது எப்போதும் அழகாக ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்?

திருத்துவது பெரிய காரியமில்லை. மேசைப் பக்கத்தில் என் 'பாதுகாப்பை' அழித்தேன். திரைப் பக்கத்தில், பிரித்த பிறகும் கையில் இருப்பது எழுத்து வரியாகவே இருந்தால் இன்னொரு முறை பிரி, அப்புறமும் அது பட்டியல்தானா என்று பார், இல்லையென்றால் யாரையும் கூப்பிடாதே என்று எழுதினேன். சேமித்தேன். மணி அடித்தது.

திரையில் ஒரு முழுப் பெயர், உடையாமல், சிதறாமல் வந்து நின்றது. உள்ளே வரவும்.

வரவேற்புப் பெண் கைகாட்டினாள்: பின்வரிசைப் பெரியவர்தான். ஆனால் அவர் இன்னும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"ஐயா, உங்க பேருதான் வந்திருக்கு, போங்க" என்றேன்.

அவர் என் மூக்கில் இருந்த சட்டத்தைப் பார்த்து ஒரு கணம் பின்வாங்கினார். "அதெப்படி டாக்டர், எனக்கு இன்னும் வலது கண்ணு பாக்கி இருக்கே?" என்றார்.

மாமியார்தான் அவர் தோளைத் தொட்டு, "நீங்க பாஸ் ஆயிட்டீங்க ஐயா, உள்ளே போங்க" என்று அனுப்பிவைத்தார். அதன்பிறகு பெயர்கள் ஒழுங்காக வந்தன. வரிசை கலைந்தது. என்னைப் பொறுத்தவரை அது வெற்றி. கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்தால், நடுவில் நிறுத்தப்பட்ட ஆட்டத்திலிருந்து வெளியேறுகிறவர்கள் மாதிரி இருந்தார்கள்.

செமிகோலனுக்கு ஃபோன் போட்டேன்.

"மேற்கோள் குறிதான்" என்றேன். "முன்னாடி இருந்துச்சு. எனக்குத் தெரியலை. மடிச்சதும் நான்தான். அப்போ உன்மேல பாய்ஞ்சது தப்பு."

"பரவாயில்லை அண்ணா." மூச்சு விட்டாள். அந்த இடைவெளியில் நானாகவே இன்னும் இரண்டு தவறுகளை ஒப்புக்கொண்டேன். பிறகு அவள் மீதியைச் சொன்னாள். "நீங்க முன்னாடி ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு எழுதின ஸ்கிரிப்ட்லயும் 'பாதுகாப்புக்காக'ன்னு இருக்கு. இப்போதான் தேடிப் பார்த்தேன். சரிபண்ணிட்டேன்."

நன்றி சொல்ல நினைத்தேன். வார்த்தை வருவதற்குள் பரிசோதகர் வெளியே வந்து, சட்டத்தோடு சேர்த்து என்னையும் பிடித்து உள்ளே கொண்டுபோனார். அங்கிருந்து டாக்டரம்மாவின் அறை. அங்கே மாமியாரும் உட்கார்ந்திருந்தார். அவருடைய கண் அருமையாக ஆறியிருப்பதாகச் சொன்ன டாக்டரம்மா, என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் உள்ளே ஒரு தடவை பார்த்துடலாம், வந்தது வந்தீங்க" என்றார். இரண்டு பேருக்கும் சொட்டு மருந்து விட்டார்கள். கண்மணி விரிந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருப்பதெல்லாம் கரைந்து, விளக்குகளுக்குத் தாடி முளைத்தது. எனக்குப் படிப்பதற்குக் கண்ணாடி, மாமியாருக்கு மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்று தீர்ப்பாயிற்று.

வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தியது. இருவரும் மருத்துவமனையில் வெயிலுக்குக் கொடுத்த கறுப்பு பிளாஸ்டிக் பட்டையைக் கண்ணில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றோம். அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். நான் அவர் கைப்பையைப் பிடித்திருந்தேன். யார் யாருக்குத் துணை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. இந்தக் கண்ணோடு காரை எடுக்க முடியாது. மனைவிக்கு ஃபோன் போட வேண்டும். எண்கள் தெரியவில்லை. தெருவில் போன ஒருவரிடம் ஃபோனைக் கொடுத்து, "'வீடு'ன்னு இருக்கும், கொஞ்சம் அழுத்துங்க" என்று கேட்க வேண்டியதாயிற்று.

மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, பின்கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க, ரெண்டு பேரும்" என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும் மாமியார் என் பக்கம் சாய்ந்தார்.

"மாப்பிள்ளை, இன்னைக்கு என்னதான் ஆச்சு? எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க."

இத்தனை வருடத்தில் அவர் என் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. முதலிலிருந்து தொடங்கினேன். பட்டியல் என்றால் என்ன, அதை ஏன் வரியாக மடிக்கிறோம், மடித்ததையே இன்னொரு முறை மடித்தால் என்ன ஆகும், பிரித்த பிறகு அது பட்டியல்தானா என்று ஏன் சோதிக்க வேண்டும் என்றெல்லாம் அடுக்கினேன். கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். இவ்வளவு தெளிவாக அந்தப் பாடத்தை நான் யாருக்கும் நடத்தியதில்லை.

"அம்மா அப்பவே தூங்கிட்டாங்க" என்றாள் மனைவி, கண்ணாடி வழியாகப் பார்த்து.

"எப்போ?"

"நீங்க 'பட்டியல்'னு ஆரம்பிச்சப்பவே."

மாமியாரின் தலை என் தோளில் இருந்தது. அவர் கண்ணில் கறுப்புப் பட்டை இருந்ததால் கண் மூடியதை நான் கவனிக்கவில்லை. தோளை அசைக்காமல் கைகளை மெல்ல மடியில் இறக்கினேன். முன்னால் சிக்னல் விழுந்திருக்க வேண்டும், வண்டி நின்றது.

"சரி, எனக்குச் சொல்லுங்க" என்றாள் மனைவி. "பச்சை விழறதுக்குள்ள முடிக்கணும்."